மையமற்ற வலையின் மையங்கள்: இணைப்பு, நம்பிக்கை, மருந்து

1

‘மையமற்றது’ என்ற சொல்லின் மீது நமக்கெல்லாம் ஒரு மயக்கம் உண்டு. தமிழ் எம்.ஏ. படித்த காலத்தில், கல்லூரி நூலகத்தின் கடைசி அலமாரியில் கட்டுக்கட்டாகக் கிடந்த தொண்ணூறுகளின் சிற்றிதழ்களைத் தூசி தட்டிப் படித்ததில் எனக்கும் அது தொற்றிக்கொண்டது. மரம் என்றால் அதிகாரம், கிழங்கு என்றால் விடுதலை. மரத்துக்கு வேர், தண்டு, கிளை என்று படிநிலை உண்டு. கிழங்குக்கு அது கிடையாது. எந்தக் கணுவிலிருந்தும் எந்தக் கணுவுக்கும் போகலாம், ஒரு பக்கம் வெட்டினால் மறுபக்கம் முளைக்கும். தெல்யூஸும் கத்தாரியும் 1980இல் வெளியிட்ட ‘ஆயிரம் பீடபூமிகள்’ நூலில் வைத்த படிமம் இது. பின்னால் இணையம் வந்தபோது, அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி, அதன் மேல் மாட்டிவிடப்பட்டது. இணையத்துக்குத் தலை இல்லை, ஆகவே அதை யாரும் ஆள முடியாது, யாரும் அழிக்கவும் முடியாது என்று ஒரு கதையாடல் உருவானது.

இந்தப் படிமத்தைப் பயன்படுத்திய நம்மில் எத்தனை பேர் கிழங்கு பயிரிட்டிருப்போம் என்று தெரியவில்லை. ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் போடுகிற ஒரு விவசாயியிடம் கேட்டால் முதலில் சொல்வது கிழங்கழுகல் நோயைப் பற்றித்தான். நோய்ப்பட்ட விதைக்கிழங்கை அறியாமல் ஊன்றினால் போதும். தண்ணீர் தேங்கிய வயலில் அது வரிசை வரிசையாகப் போய்க்கொண்டே இருக்கும். மேலே இலை மஞ்சளடித்துக் காய்வதற்குள் கீழே வேலை முடிந்திருக்கும். ‘வெளியிலிருந்து வரலைங்க, வெதக்கிழங்குலயே வந்துருமுங்க’ என்பார்கள். இதைச் சொல்வது படிமத்தைக் கேலி செய்வதற்காக இல்லை. தெல்யூஸ், கத்தாரியிடமே கிழங்கு என்பது நன்மையின் உருவமாக மட்டும் வருவதில்லை. நாம்தான் பாதியை வாங்கிக்கொண்டு மீதியைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தோம்.

அளவுக்கு மீறி எல்லாவற்றையும் இணையத்தில் கட்டிப்போடுவதால் வரும் ஆபத்தைப் பற்றிப் பேச வேண்டுமானால் இந்த மீதிப் பாதியிலிருந்து தொடங்குவதே சரி என்று எனக்குப் படுகிறது. கணினிப் பாதுகாப்பு என்றதும் பத்திரிகைகள் ஒரு முகமூடிக்காரனின் படத்தைப் போட்டுவிடுகின்றன. இருட்டறை, பச்சை எழுத்து, திருடன். ஆபத்தை ஒரு ஆளின் மீது ஏற்றிவிட்டால் அமைப்பைப் பற்றிப் பேசாமல் தப்பித்துவிடலாம். நான் இங்கே பேச முயல்வது அமைப்பைப் பற்றி.

கம்பிகளைப் பொறுத்தவரை ‘மையமின்மை’ ஓரளவு உண்மை. 1964இல் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் பால் பேரன் எழுதிய அறிக்கைகளில் மூன்று வலைப் படங்கள் வருகின்றன. முதலாவதில் நடுவே ஒரு புள்ளி, அதிலிருந்து எல்லாத் திசைக்கும் கோடுகள். இரண்டாவதில் பல சிறு மையங்கள். மூன்றாவது மீன்வலை, எந்தக் கண்ணியும் மற்றதைவிடப் பெரிதில்லை. அணுகுண்டு விழுந்து பல கண்ணிகள் போனாலும், சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்பட்ட செய்தி மிச்சமிருக்கிற வழிகளில் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடும் என்பது அவர் வாதம். இன்றைய இணையத்திலும் செய்தி பொட்டலங்களாகத்தான் போகிறது.

ஆனால் கம்பி வழியே போவது செய்தி மட்டும்தானா? ஒரு கணினி இன்னொரு கணினி சொல்வதை ‘சரி, நீ சொன்னால் செய்கிறேன்’ என்று ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. கடவுச்சொல், சான்றிதழ், அவ்வப்போது தானாக வந்து இறங்கும் ‘அப்டேட்’ எல்லாமே இந்த ஏற்றுக்கொள்ளலின் வடிவங்கள். இத்துறையினரும் இதை ‘நம்பிக்கை’ என்ற பொருள்படும் சொல்லால்தான் குறிக்கிறார்கள். இந்த நம்பிக்கை மீன்வலை மாதிரிப் பரவிக் கிடப்பதில்லை. மழைநீர் ஏரியில் சேர்வது போலச் சில இடங்களில் போய்க் குவிகிறது. வரைபடத்தில் கம்பிகள்தான் தெரியும், இந்த ஏரிகள் தெரிவதில்லை. உடைப்பெடுத்த பிறகுதான் அங்கே ஒரு ஏரி இருந்ததே தெரிகிறது.

2

2017 ஜூன் 27. உக்ரைனின் அரசியல் சட்ட நாளுக்கு முந்தைய நாள்.

அந்நாட்டில் வரி கட்டுகிற நிறுவனங்களில் பெரும்பாலானவை ‘எம்.ஈ.டாக்’ என்ற கணக்கு மென்பொருளைப் பயன்படுத்தி வந்தன. நம்மூரில் ‘டாலி’ இல்லாத கடைக் கணக்கு எப்படி அரிதோ அப்படி. அதைத் தயாரித்தது கீவ் நகரில் ஒரு குடும்பம் நடத்திய சிறிய நிறுவனம். யாரும் அதை ஒரு ‘மையம்’ என்று நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான கணினிகள் அதன் சர்வர் அனுப்புவதைக் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்ளும்படி அமைந்திருந்தன. அந்தச் சர்வரைத்தான் பிடித்தார்கள். மென்பொருளுக்கான புதுப்பிப்பின் உருவில் பின்னால் ‘நாட்பெட்யா’ என்று பெயர் பெற்ற நிரல் இறங்கியது.

அது வேலை செய்த விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அதனிடம் இரண்டு கருவிகள் இருந்தன. முதலாவது, விண்டோஸில் இருந்த ஒரு ஓட்டையைத் திறக்கும் சாவி. அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகமை தன் உபயோகத்துக்காகச் செய்து ரகசியமாக வைத்திருந்ததாகக் கருதப்படும் இந்தச் சாவி, களவுபோய் 2017 ஏப்ரலில் உலகத்துக்கே பகிரங்கமானது. ஓட்டையை அடைக்கும் ஒட்டை மைக்ரோசாஃப்ட் அதற்கு முந்தைய மாதமே வெளியிட்டிருந்தது. ‘அப்படியானால் ஒட்டுப் போட்டவர்கள் தப்பித்திருப்பார்களே’ என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் இரண்டாவது கருவி வருகிறது. அது கணினியின் நினைவகத்தில் தங்கியிருக்கும் கடவுச்சொற்களைப் பொறுக்கி எடுத்துவிடும். அலுவலகத்தில் ஒட்டுப் போடாத கணினி ஒன்று இருந்து, அதில் நிர்வாகி எப்போதோ நுழைந்துவிட்டுப் போயிருந்தால் போதும். அந்தச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு, ஒட்டுப் போட்ட மற்ற கணினிகளின் முன்வாசல் வழியாகவே, நிர்வாகியின் பெயரைச் சொல்லிக்கொண்டே, உள்ளே போய்விடலாம். அங்கே எந்த ஓட்டையும் தேவைப்படவில்லை. நம்பிக்கை போதுமானதாக இருந்தது.

திரையில் பணம் கேட்டது. அது வேஷம்தான். பணம் கட்டினாலும் பூட்டைத் திறக்க வழியே வைக்கப்படவில்லை. அழிப்பதுதான் நோக்கம். இதைச் செய்தது ரஷ்ய ராணுவம் என்று அமெரிக்காவும் பிரிட்டனும் 2018 பிப்ரவரியில் அறிவித்தன. 2020இல் ரஷ்ய ராணுவ உளவுத்துறை அதிகாரிகள் ஆறு பேர் மீது அமெரிக்காவில் குற்றச்சாட்டு பதிவானது.

உக்ரைனைக் குறிவைத்த நிரல் உக்ரைனோடு நிற்கவில்லை. டென்மார்க்கைச் சேர்ந்த மெர்ஸ்க் அன்றைக்கு உலகின் மிகப் பெரிய கப்பல் சரக்கு நிறுவனம். அதன் கதையை ஆண்டி கிரீன்பெர்க் 2018இல் ‘வயர்டு’ இதழில் விரிவாக எழுதினார். ஒடேசா துறைமுக நகரில் மெர்ஸ்க்கின் நிதி அதிகாரி ஒருவர் கேட்டுக்கொண்டதால் ஒரே ஒரு கணினியில் எம்.ஈ.டாக் நிறுவப்பட்டிருந்தது. அந்த ஒரு வாசல் போதுமாக இருந்தது. கோபன்ஹேகன் தலைமையகத்தில் திரைகள் வரிசையாகக் கறுத்தன. ஊழியர்கள் கூட்ட அறைகளுக்குள் ஓடிப்போய்க் கம்பிகளைப் பிடுங்கினார்கள். துறைமுகங்களில் வாயில்கள் திறக்கவில்லை. மும்பைக்கு அருகே ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் மெர்ஸ்க் குழுமம் நடத்திய முனையமும் நின்றது. உக்ரைனில் யாரோ தாக்கல் செய்யும் வரிக்கணக்குக்கும் நவி மும்பையில் வரிசையில் நிற்கிற லாரி ஓட்டுநரின் அன்றைய சாப்பாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு என்பதை எந்த ‘உலகமயமாதல்’ கருத்தரங்கும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுவது அடுத்து வருவது. பெரிய நிறுவனங்களின் வலையில் ‘யார் யார், யாருக்கு என்ன உரிமை’ என்ற பேரேட்டை வைத்திருக்கும் கணினிகள் உண்டு. மெர்ஸ்க்கில் அவை ஏறத்தாழ 150. உலகம் முழுவதும் பரவியிருந்தன. ஒவ்வொன்றும் மற்றதோடு இடைவிடாமல் பேசித் தன் ஏட்டைச் சரிபார்த்துக்கொள்ளும். ஒன்று கெட்டால் இன்னொன்றிலிருந்து மீட்டுக்கொள்ளலாம். பால் பேரனின் மூன்றாவது படமேதான். மையம் இல்லை, எல்லாமே மையம். ஆகவே அந்த ஏட்டுக்குத் தனியாக நகல் வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அத்தனையும் ஒரே வேளையில் போகும் என்று யார் நினைப்பார்கள்? ஆனால் இடைவிடாத பேச்சினாலேயே அவை 150 இடங்களில் இருந்த ஒரே பொருளாகியிருந்தன. அத்தனையும் சேர்ந்தே அழிந்தன.

ஒன்று தப்பித்தது. கானாவில் இருந்த ஒன்று. தாக்குதலுக்குச் சற்று முன் அங்கே கரண்ட் போயிருந்தது, அவ்வளவுதான்.

கானாவிலிருந்து அதை இங்கிலாந்துக்கு அனுப்பலாம் என்றால் அங்கே இணைய வேகம் போதவில்லை, நாள்கணக்காகும். கானா ஊழியர் எவரிடமும் பிரிட்டன் விசா இல்லை. கடைசியில் ஒருவர் நைஜீரியாவுக்குப் போய், விமான நிலையத்தில் இன்னொருவரிடம் ஹார்டு டிஸ்க்கைக் கையில் கொடுக்க, அவர் லண்டனுக்குப் பறந்தார். மின்வெட்டு, மெதுவான இணையம், கையில் கொண்டுபோன பொருள். ‘வளர்ச்சி’ என்ற சொல்லாடல் எதையெல்லாம் பின்தங்கியதன் அடையாளமாகப் பட்டியலிடுமோ அதெல்லாம் சேர்ந்துதான் உலகின் மிகப் பெரிய கப்பல் நிறுவனத்தைக் காப்பாற்றின. மின்வெட்டைத் திட்டித் திட்டியே பத்து வருஷத்தை ஓட்டிய தமிழ்நாட்டுக்காரனுக்கு இதைப் படிக்கும்போது ஒரு அற்ப சந்தோஷம் வருவதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அதை ஒரு கொள்கையாக்கிவிடக் கூடாது. அது தற்செயல். இன்னொரு நாள் கரண்ட் இருந்திருக்கும்.

4,000 சர்வர்கள், 45,000 கணினிகள் பத்து நாளில் மறுபடி நிறுவப்பட்டதாக மெர்ஸ்க்கின் தலைவர் 2018 ஜனவரியில் தாவோஸ் கூட்டத்தில் சொன்னார். அந்த நாட்களிலும் சரக்கு அளவு 20 சதவீதம்தான் குறைந்ததாம். மிச்சத்தைச் சமாளித்தது மனிதர்கள். கன்டெய்னர்கள் மேல் காகிதத்தை ஒட்டினார்கள். வாட்ஸாப்பிலும் சொந்த ஜிமெயிலிலும் ஆர்டர் எடுத்தார்கள். நிறுவனத்தின் நஷ்டம் 25 முதல் 30 கோடி டாலர். உலகம் முழுவதற்கும் மொத்தம் 1,000 கோடி டாலருக்கு மேல் என்று அமெரிக்க அரசு மதிப்பிட்டது.

இன்னொரு விஷயம். வலையைத் தடுப்புகள் வைத்துப் பிரிக்க வேண்டும், ஓர் அறையில் பற்றிய தீ அடுத்த அறைக்குப் போகாதபடி சுவர் வேண்டும் என்று உள்ளே இருந்தவர்கள் முன்பே எச்சரித்திருக்கிறார்கள். ஒப்புதலும் கிடைத்து, பணமும் ஒதுக்கப்பட்டது. ஆனால் மேலதிகாரிகளின் போனஸைத் தீர்மானிக்கும் இலக்குகளில் அது சேர்க்கப்படவில்லையாம். அதனால் நகரவே இல்லை என்கிறார் கிரீன்பெர்க். இணைப்பதற்குப் போனஸ் உண்டு. சுவர் எழுப்புவதற்கு இல்லை.

3

தமிழில் ‘மருந்து’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ‘மருந்து சாப்பிட்டான்’ என்றால் பிழைக்கப் போகிறான். ‘மருந்தைக் குடிச்சிட்டான்’ என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். கிராமத்தில் ‘மருந்து வச்சிட்டா’ என்பது வேறு கதை. பிளேட்டோவின் கிரேக்கத்தில் ஒரே சொல் நோய் தீர்ப்பதையும் நஞ்சையும் குறிப்பதைப் பிடித்துக்கொண்டு தெரிதா 1968இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அவருக்குத் தமிழ் தெரிந்திருந்தால் கிரேக்கம் வரை போயிருக்க வேண்டாம்.

கணினிக்கு ‘அப்டேட்’ இப்படிப்பட்ட மருந்து. அதை வாங்காமல் இருந்தால் 2017 மே மாதத்து ‘வான்னாக்ரை’ போல ஒன்று வந்து தாக்கும். பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் அப்போது பட்ட பாடு தெரிந்ததே. 19,000க்கு மேற்பட்ட சந்திப்புகள் ரத்தானதாகப் பின்னர் கணக்கிட்டார்கள். வாங்கினாலோ, மருந்துப் புட்டியிலேயே நஞ்சு வரலாம் என்பதை எம்.ஈ.டாக் காட்டியது. எதிரி யாரும் தேவையில்லை என்பதை 2024 ஜூலை 19 காட்டியது. கிரௌட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் தன் காவல் மென்பொருளுக்கு அனுப்பிய பிழையான ஒரு புதுப்பிப்பால் உலகில் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. விமானங்கள் நின்றன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஏதோ அரும்பொருள் போலப் பயணிகள் அதைப் படமெடுத்துப் போட்டார்கள். காவல்காரனுக்கு வீட்டின் எல்லாச் சாவியும் கொடுக்க வேண்டியிருக்கிறது. அவன் மயங்கி விழுந்தால் எல்லாக் கதவும் பூட்டிக்கொள்கிறது.

இவ்வளவு பேர் ஒரே மருந்தைக் குடிப்பது ஏன் என்பது தனிக் கேள்வி. மஞ்சளை விதை போட்டு வளர்ப்பதில்லை, பழைய கிழங்கை வெட்டி ஊன்றுகிறோம். ஆகவே வயல் முழுக்க ஒரே செடியின் பிரதிகள். ஒன்றைத் தாக்குவது எல்லாவற்றையும் தாக்கும். டான் கீர் முதலிய பாதுகாப்பு வல்லுநர்கள் 2003இல் ஓர் அறிக்கையில் இதைத்தான் சொன்னார்கள். ஒரே நிறுவனத்தின் இயங்குதளம் எங்கும் நிறைந்திருப்பது ஒற்றைப் பயிர் வேளாண்மை போன்றது, அதுவே பாதுகாப்பின்மை என்று. அறிக்கை வந்த கையோடு கீர் தான் வேலை பார்த்த நிறுவனத்தை விட்டு நீங்க வேண்டியதாயிற்று. அந்நிறுவனத்துக்கு மைக்ரோசாஃப்ட்டும் வாடிக்கையாளர். ‘பன்மை’ பற்றி நாம் பண்பாட்டுத் தளத்தில் பக்கம் பக்கமாகப் பேசியிருக்கிறோம். அது பொறியியலிலும் உயிர் காக்கும் கோட்பாடு என்பது நம் காதில் விழவில்லை.

4

‘சரி, எதையும் இணைக்காமல் இருந்துவிடலாமே’ என்பதற்கும் ஒரு பிரதி இருக்கிறது. நம் ஊர்ப் பிரதி.

2019 அக்டோபர் இறுதியில், கூடங்குளம் அணுமின் நிலையக் கணினியில் தீநிரல் புகுந்திருப்பதாகச் செய்தி பரவியது. 29ஆம் தேதி நிலையம் மறுப்பு வெளியிட்டது. இந்திய அணுமின் நிலையங்களின் கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்து நிற்பவை, வெளி வலையோடு தொடர்பற்றவை, அவற்றின் மீது இணையத் தாக்குதல் சாத்தியமே இல்லை என்றது அது. மறுநாள் அணுமின் கழகம் இன்னொரு அறிவிப்பு வெளியிட்டது. தீநிரல் கண்டறியப்பட்டது உண்மை. செப்டம்பர் 4 அன்றே தகவல் வந்தது. நிர்வாகப் பணிக்கான, இணையத்தோடு இணைந்த வலையில் ஒரு கணினி அது. முக்கியமான உள் வலையிலிருந்து அது பிரிக்கப்பட்டது. உலை அமைப்புகளுக்குப் பாதிப்பில்லை.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டும். முதல் அறிவிப்பில் பொய் எதுவும் இல்லை என்றுகூட வாதாடலாம். கேட்கப்பட்டது நிலையத்தைப் பற்றி, பதில் சொல்லப்பட்டது கட்டுப்பாட்டு அமைப்பைப் பற்றி. இரண்டுக்கும் நடுவிலுள்ள நிர்வாகக் கணினி வாக்கியத்துக்கு வெளியே விடப்பட்டது. அது பிரதியின் மௌனம். உள்/வெளி என்ற இருமை எதிர்வில் இந்த நடு இடத்துக்கு இடமில்லை. ஆனால் ஆபத்து எப்போதும் அந்த நடு இடத்தில்தான் காத்திருக்கிறது. உலையைத் தொட முடியாவிட்டாலும், உலையைத் தொடுகிற மனிதர்களின் பெயர், பழக்கவழக்கம், அவர்கள் கொண்டுபோகும் கோப்பு எல்லாம் நிர்வாகக் கணினியில் இருக்கக்கூடும்.

ஈரானின் நத்தன்ஸ் அணு நிலையமும் இணையத்திலிருந்து துண்டிக்கப்பட்டதுதான். 2010இல் வெளியே தெரியவந்த ‘ஸ்டக்ஸ்நெட்’ அங்கே யு.எஸ்.பி. குச்சி போன்ற ஒன்றின் வழியே, ஆள் கையோடு, உள்ளே போயிருக்க வேண்டும். யுரேனியம் செறிவூட்டும் சுழல் கலன்களின் வேகத்தை மாற்றி மாற்றிக் கெடுத்துக்கொண்டே, கண்காணிப்பவருக்கு ‘எல்லாம் சரி’ என்று பழைய அளவுகளைத் திரும்பத் திரும்பக் காட்டியது. ஆக, துண்டிப்பு என்பதும் மந்திரக் கோடு இல்லை. தீட்டுப் படாத கருவறை எதுவும் கணினி உலகில் கிடையாது. இணைப்பை வழிபடுவது எவ்வளவு மூடத்தனமோ, துண்டிப்பை வழிபடுவதும் அவ்வளவு மூடத்தனம்.

5

அப்படியானால் எதைப் பற்றிக் கேட்க வேண்டும்? ‘இணைந்திருக்கிறதா, இல்லையா’ என்பதை விட, அறுந்தால் யார் கையால் செய்வது என்ற கேள்விதான் எனக்கு உபயோகமாக இருக்கிறது.

2015 டிசம்பர் 23. மறுபடியும் உக்ரைன். இவானோ-பிரான்கிவ்ஸ்க் பகுதியின் மின் வினியோக நிறுவனத்தில் இயக்குநர் மேசையில் உட்கார்ந்திருந்தவர்கள் பார்க்கப் பார்க்க, திரையில் மவுஸ் அம்பு தானாக நகர்ந்தது. ஒவ்வொரு துணைமின் நிலையத்தின் பிரேக்கராகத் திறந்துகொண்டே போனது. மூன்று மாவட்ட நிறுவனங்களில் ஒரே மாலையில் இது நடந்தது. சுமார் 2,25,000 இணைப்புகள் இருளில் மூழ்கின. பல மாதங்களுக்கு முன்பே ஊழியர்களுக்கு வந்த மின்னஞ்சலின் இணைப்புக் கோப்பு வழியாக உள்ளே வந்தவர்கள், வீட்டிலிருந்து வேலை பார்ப்பதற்காக வைத்திருந்த வாசலின் சாவியை எடுத்து, கட்டுப்பாட்டு அறைக்குள் போயிருந்தார்கள். திரும்பும் வழியில் துணைமின் நிலையங்களோடு பேசும் கருவிகளின் உள்நிரலையும் அழித்துவிட்டுப் போனார்கள். புகார் எண்ணை வெற்று அழைப்புகளால் நிரப்பினார்கள்.

ஆனாலும் சில மணி நேரத்தில் மின்சாரம் வந்துவிட்டது. நம் லைன்மேன் போன்றவர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போய், துணைமின் நிலையம் துணைமின் நிலையமாக, பிரேக்கரைக் கையால் மூடினார்கள். சோவியத் காலத்து அமைப்பில் அந்தக் கைப்பிடிகள் மிச்சமிருந்தன. அவற்றை இயக்கத் தெரிந்த ஆட்களும் மிச்சமிருந்தார்கள். முழுதாகத் தானியங்கியான வேறு நாடுகளின் மின்வலையில் இது இவ்வளவு சீக்கிரம் நடந்திருக்காது என்று அப்போதே வல்லுநர்கள் குறிப்பிட்டார்கள். நாட்பெட்யா தாக்கிய அன்று செர்னோபிலில் தானியங்கிக் கதிர்வீச்சுக் கண்காணிப்பு நின்றபோதும், கையில் கருவியோடு மனிதர்கள்தான் அளந்தார்கள்.

இது கானாவின் மின்வெட்டு போன்ற தற்செயல் இல்லை. இதற்கு ஒரு கோட்பாடு உண்டு. அமெரிக்கச் சமூகவியலாளர் சார்லஸ் பெரோ, 1979இன் திரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்தை ஆராய்ந்ததிலிருந்து தொடங்கி, 1984இல் ‘இயல்பான விபத்துகள்’ என்று ஒரு நூல் எழுதினார். உறுப்புகள் எதிர்பாராத வகையில் ஒன்றையொன்று பாதிக்கக்கூடிய சிக்கலும், ஒன்றில் நடப்பது உடனே அடுத்ததில் நடந்துவிடும் இறுக்கமான பிணைப்பும் சேர்ந்திருக்கும் அமைப்பில் பெரும் விபத்து விதிவிலக்கல்ல, அது அமைப்பின் இயல்பு என்றார். பாதுகாப்புக்காக மேலும் ஒரு கருவியைச் சேர்த்தால் சிக்கலும் சேர்ந்தே கூடும். இணையத்தில் கட்டுவது என்பது, நடைமுறையில், தளர்ந்து கிடந்ததை இறுக்குவது. கடிதம் போய்ச் சேர எடுத்த மூன்று நாளும், எழுத்தர் கோப்பைப் புரட்டிய அரைமணி நேரமும் தாமதம் என்றே நமக்குப் பட்டன. நிறுத்திப் பார்க்க, சந்தேகப்பட, ‘இருங்க, ஒரு நிமிஷம்’ என்று சொல்ல அவகாசம் அங்கேதான் இருந்தது. (இதைச் சொல்வதால் நான் எழுத்தர்களின் அரைமணி நேரத்தை நியாயப்படுத்துவதாக நண்பர்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த வரிசையில் நானும் நின்றிருக்கிறேன்.)

2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் பூட்டப்பட்டபோது, ஏறத்தாழ இரண்டு வாரம் எல்லாம் கையெழுத்தில் நடந்தது. காரணம் என்ன என்ற கேள்விக்கு, வலை முறையாகப் பிரித்து அமைக்கப்படாததே என்று ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் பதிலளித்தது. மெர்ஸ்க்கில் போனஸ் இல்லாததால் எழும்பாத அதே சுவர். வித்தியாசம் ஒன்றுதான்: அங்கே வரிசையில் நின்றவை கன்டெய்னர்கள்.

நஷ்டம் எப்போதும் இணைத்தவர் தலையில் விழுவதில்லை. 2016இல் ‘மிராய்’ என்ற நிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விடப்பட்ட கண்காணிப்புக் கேமராக்களையும் ரௌட்டர்களையும் லட்சக்கணக்கில் கைப்பற்றியது. அக்டோபர் 21 அன்று அவற்றை வைத்து ‘டைன்’ என்ற நிறுவனத்தைத் தாக்கியதில் அமெரிக்காவில் ட்விட்டர், நெட்பிளிக்ஸ் முதலியவை மணிக்கணக்கில் திறக்கவில்லை. கேமராவின் சொந்தக்காரருக்குத் தன் கேமரா அடியாள் வேலை பார்ப்பதே தெரியாது. அது வழக்கம்போலத் தெருவைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. விற்றவருக்கும் நஷ்டமில்லை, வாங்கியவருக்கும் நஷ்டமில்லை. மூன்றாவது ஆள் ஒருவர் கட்டினார்.

இந்த மூன்றாவது ஆளைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு எங்கள் ஊர் ரேஷன் கடை ஞாபகம் வருகிறது. தாக்குதல் எதுவும் நடக்கவில்லை. சாதாரண ஒரு நாள். போன மழைக்காலத்தில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அரிசி வாங்கப் போயிருந்தேன். விரலை வைத்தார். கருவி சுற்றிக்கொண்டே இருந்தது. வெயில் ஏறுவதற்குள் பின்னால் இருபது பேர்.

‘சர்வர் வரலம்மா, நாளைக்கு வாங்க’ என்றார் விற்பனையாளர்.

‘அரிசி இருக்குதில்ல? இந்தா தெரியுதே மூட்டை’ என்றார் அம்மா.

‘இருக்குதும்மா.’

‘நான் யாருன்னு உனக்குத் தெரியாதா? இருபது வருஷமா இங்கதான வாங்கறேன்.’

‘எனக்குத் தெரியும்மா. மெஷினுக்குத் தெரியணுமில்ல.’

மேசை இழுப்பறையில் பழைய கோடு போட்ட நோட்டு ஒன்று இருந்தது. முன்பெல்லாம் அதில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பார். அம்மா அதைப் பார்த்தார். அவரும் பார்த்தார். அதில் எழுதினால் இப்போது கணக்கில் வராது என்றார்.